ஒரு யகரம் குறைந்த முதலை மீன்

2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஹீட்டர் போட்டுக் குளித்தேன். ரத்த அழுத்த மாத்திரை, அதற்குப் பிறகு காபி. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. பேப்பரைத் தலைப்பிலிருந்து வானிலை வரை படித்து, வந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டேன். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் இருந்தது, மீன் இல்லை. இதைக்கூடக் குறித்துவைக்க வேண்டிய நிலைமைக்கு எங்கள் ஆற்றங்கரை ஊரான கரமனை வந்திருந்தது.

அன்று மாலை கோயிலின் சாப்பாட்டு மண்டபமான ஊட்டுப்புரையில் எங்கள் தெருச் சங்கத்தின் அவசரக் கூட்டம். ஆற்றுக்கு இறங்குகிற படித்துறையான கடவில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டலாமா என்பது விஷயம். காரணம், ஆற்றில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு மீன். அந்த மீனைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. விவரிக்கத் தெரிந்தவர்கள் தெரு முழுக்க இருந்தார்கள்.

கேட் வந்தால் நஷ்டம் ஒரே ஒருவருக்குத்தான். என் அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். எழுபதைத் தாண்டியாகிவிட்டது. பூணூல் போட்ட வயதிலிருந்து விடியற்காலையில் ஆற்றுக் குளியல். வெளியூர்க் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் முகூர்த்தம் எப்போது என்று கேட்கமாட்டார், பக்கத்தில் ஆறு உண்டா என்று கேட்பார். தெருவில் மற்ற எல்லோரும் பாத்ரூமுக்கு மாறிய பிறகும் அந்தக் கடவை நம்பியிருந்த ஒரே மனிதர் அவர். அந்தக் கடவைப் பூட்டவைக்கப் போகிற மீனைக் கண்டுபிடித்தவரும் அவரேதான்.

எங்கள் தெருவில் மீன் சாப்பிடுகிறவர்கள் கிடையாது. அதனால்தான் மீனைப் பற்றி இங்கே இவ்வளவு தாராளமாகப் பேச முடிகிறது. சாப்பிடுகிறவனுக்கு ஒரு எல்லை உண்டு. சட்டிக்குள் அடங்காத மீனை அவன் நம்பமாட்டான். எங்களுக்குச் சட்டியே இல்லை.

உதாரணத்துக்கு, கோடிவீட்டுப் புரொபசர் மாமா. காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தியவர். அவர் வாலிபத்தில், மேலே அணைக்கட்டில் ஒரு வாளை மீன் தண்ணீர் குடிக்க வந்த கன்றுக்குட்டியின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நான் சின்ன வயதில் முதன்முதலாகக் கேட்டபோது அது பிறந்து சில நாளான கன்று. வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்து, இப்போது கறவைமாடாகிவிட்டது. வாளையும் அதற்கேற்றபடி வளர்ந்துகொடுக்கிறது.

சங்கத்தின் செக்ரட்டரியிடம் இருப்பது காரி மீன். காரிக்கு முள் உண்டு, குத்தினால் கை வீங்கும், இது உண்மை. ஆனால் செக்ரட்டரியின் சித்தப்பாவைக் குத்திய காரி அதோடு நிற்கவில்லை. அவர் பரீட்சையில் தோற்றது, சர்க்கார் வேலை கிடைக்காதது, கல்யாணம் தள்ளிப்போனது எல்லாம் அந்த ஒரே குத்தில் நடந்தவை. இப்படிப்பட்ட மீன்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணத்தைக் கவனித்திருக்கிறேன். கேமரா உள்ள போன் வந்த பிறகு ஒன்றும் தலைகாட்டவில்லை.

அத்திம்பேருடைய மீன் இவற்றுக்கெல்லாம் இளையது. மே மாதக் கடைசியில் ஒருநாள் காலை அவர் ஆற்றிலிருந்து முழங்கை உரிந்து, துண்டில் ரத்தத்தோடு வந்தார். நான் அப்போது அக்கா வீட்டில் தயிருக்கு உறைமோர் வாங்கிக்கொண்டிருந்தேன். கால் வழுக்கியது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆற்றுக் குளியல் அன்றோடு முடிந்தது. அக்கா பல வருஷமாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

"ஒரு மீன் வாலாலே அடிச்சுட்டுது," என்றார்.

"எவ்வளவு பெரிசு?" என்றாள் அக்கா.

அவர் அதை இன்னும் யோசித்திருக்கவில்லை. கையை விரித்தார், வலித்தது, மடக்கிக்கொண்டார். "அடிச்ச வேகத்தைப் பார்த்தா அரிசி மூட்டை இருக்கும்."

அக்கா மருந்து போட்டாள். பிறகு சமையலறையில் என்னிடம், "மீனுக்குப் பச்சையாப் பாசி ஒட்டிண்டிருக்குமோடா? வேஷ்டி பூரா அதுதான் இருக்கு," என்றாள். நான் உறைமோரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, மீனுக்கு அளவு கிடைத்துவிட்டது. ஜாதி இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கொடுத்தவர் அக்கரையிலிருந்து தூண்டில் போட வருகிற ஒரு மலையாளி, ஆட்டோ ஓட்டுகிறவர். கூட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாலை, ஆரியசாலையில் நான் கணக்கு எழுதுகிற ஆபீஸ் விட்டு வந்து, அத்திம்பேரோடு கடவின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தேன். மழை பிந்தி வந்த வருஷம். தண்ணீர் அப்போதுதான் கலங்க ஆரம்பித்திருந்தது. தூண்டில்காரர் எதையோ இழுத்தார், தூண்டில் வளைந்தது, நரம்பு அறுந்தது. அறுந்த நுனியைப் பார்த்து அவர் சொன்னார்:

"என்டெ சாமீ, அதொரு மொதலா!"

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். மலையாளத்தில் மொதல் என்றால் சொத்து, சரக்கு. அருமையான ஒன்றைக் கண்டால் 'மொதலா' என்பார்கள். ஆளையும் சொல்வார்கள், பலாப்பழத்தையும் சொல்வார்கள். கை நழுவிப்போன மீனைக் கட்டாயம் சொல்வார்கள். அவர் முதலையைச் சொல்லியிருந்தால் 'மொதலயா' என்று வந்திருக்கும். நடுவில் ஒரு ய வேண்டும். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிற அத்திம்பேர், விட்டுப்போன அந்த யகரத்தைத் தன் செலவிலேயே போட்டுக்கொண்டார். வாயில் மலையாளமும் காதில் தமிழும் வைத்திருக்கிற எங்களுக்கு இந்த வசதி உண்டு.

"கேட்டியாடா? முதலைங்கறான்."

"நல்ல சரக்குங்கறான், அத்திம்பேர். பெரிய மீனா இருக்கும்னு அர்த்தம்."

"மீன் பிடிக்கறவன் முதலைன்னா, அது முதலை மாதிரி மீன். உன்னுது ஆபீஸ் மலையாளம்டா. இது ஆத்து மலையாளம்."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் முதலை மீன் வந்துவிட்டது. வெள்ள வருஷத்தில் யாரோ பணக்காரர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்து தப்பிய வெளிநாட்டு மீன் என்று ஒருவர் ஜாதகம் எழுதினார். இன்னொருவர் படமே போட்டார். அதில் நீள மூக்கும் பல்லுமாக ஒரு மீனை இரண்டு வெள்ளைக்காரர்கள் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பின்னால் பனிமலை. கரமனையிலிருந்து பனிமலை தெரியாது என்று நான் எழுதினேன். "மேகமாயிருக்கும்" என்று பதில் வந்தது, கூடவே நான்கு கட்டைவிரல்.

அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் நம்பவில்லை. மறுநாளே செக்ரட்டரி வீட்டுக்குப் போய், "மீனுக்கு ஒரு வழி பண்ணுங்கோ, எங்காத்துக்காரருக்கு உயிர் போயிருக்கும்," என்று மனு கொடுத்துவிட்டு வந்தாள்.

"நீதானே அது பாசின்னே?" என்று கேட்டேன்.

"பாசிக்குச் சங்கம் கூடுமாடா? மீனுக்குத்தான் கூடும். இருட்டோட போறார், கடவுலே ஒரு ஈ காக்காய் கிடையாது. விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? எனக்குக் கேட் வரணும். மீன் பேராலே வந்தாலும் சரி, நாய் பேராலே வந்தாலும் சரி."

வழுக்கியது என்று சொன்னால் வீட்டில் தடை, மீன் அடித்தது என்று சொன்னால் தெருவில் தடை. அத்திம்பேர் இதில் முதல் பாதியை மட்டும் யோசித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவர் பொன்னாடையை எதிர்பார்த்தவர் போல ஜரிகை வேஷ்டியில் வந்தார். முதல் சாட்சி என்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். எழுந்து நின்று பேசினார். மூக்கு அரிவாள்மணை மாதிரி. முதுகில் செதில் ஒவ்வொன்றும் அப்பளம் அளவு. வால் அடித்தபோது எழும்பிய அலை நாலாவது படிவரை ஏறியது. இத்தனையும் கலங்கல் தண்ணீரில், விடியாத நேரத்தில், கண்ணாடியைக் கழற்றி மேல்படியில் வைத்துவிட்டுப் பார்த்தவை. சபை மூச்சு விடாமல் கேட்டது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவர் உட்கார்ந்ததும் செக்ரட்டரி எழுந்து, "ஆகையாலே கடவுக்கு உடனே கேட் போட்டுப் பூட்டறதுன்னு தீர்மானம்," என்று வாசித்தார்.

அத்திம்பேர் மறுபடி எழுந்தார். "பூட்டறதுன்னா? குளிக்கறவா?"

"யார் குளிக்கறா இப்போ?"

"நான்."

"உங்களைக் காப்பாத்தத்தானே இந்தக் கேட்."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், மீனைச் சுருக்க ஆரம்பித்தார்.

"அரிசி மூட்டைன்னேனே, அது இந்த அஞ்சு கிலோ பை."

"அடக்கமாச் சொல்றேள்," என்றார் புரொபசர் மாமா. "நேர்லே பார்த்தவாளுக்கு அப்படித்தான். அதிர்ச்சியிலே சின்னதாத் தெரியும்."

"பல்லை நான் பார்க்கலை ஓய்."

"வாயை மூடிண்டிருந்திருக்கும். பதுங்கற ஜாதி அல்லவா," என்றார் செக்ரட்டரி.

"இப்போ அது போயிருக்கும். அணையிலே ஷட்டர் திறந்தாச்சு. அடிச்சுண்டு கடலுக்குப் போயிருக்கும்."

"ஒண்ணு போனா ஜோடி இங்கே இருக்கும். பின்னே, தனியாவா வந்தது?"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த மீன் அவருடையது. இப்போது அது சங்கத்தின் பொதுச்சொத்து. அதில் ஒரு செதிலைக் குறைக்கக்கூட அவருக்கு அதிகாரம் இல்லை. நாளைக்கே இறங்கிக் காட்டுகிறேன் என்றார். செக்ரட்டரி ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொன்னதை நம்பித்தான் கேட். நீங்களே வந்து இல்லைன்னா அதையும் நம்பறதா? ரெண்டையும் நம்பினா சங்கத்தைப் பைத்தியம்னு சொல்லமாட்டாளா?" என்றார். ஒன்றை நம்பினதற்கே என்ன சொல்வார்கள் என்பதை நான் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

வேறு யாராவது இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. புரொபசர் மாமாவுக்குக் காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது. செக்ரட்டரிக்குச் சர்க்கரை. இன்னொருவருக்கு அன்றைக்குப் பார்த்துத் தும்மல். ஆயுள் முழுக்க ஆபத்தான மீன்களோடு பழகிய சபை, இடுப்பளவு தண்ணீருக்கு ஆள் கிடைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவனை இறக்கலாமே," என்று புரொபசர் மாமா என்னைக் காட்டினார். "இவனுக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது. கற்பனையே கிடையாது."

பாராட்டு மாதிரி இருந்ததால் உடனே மறுக்கத் தோன்றவில்லை. அதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சிரித்தாள். "ஹீட்டர் இல்லாம மூஞ்சி அலம்ப மாட்டேள். காதிலே பஞ்சு வச்சுக்கோங்கோ. மீனுக்காக இல்லை, ஜலதோஷத்துக்கு."

அக்கா கூப்பிட்டனுப்பினாள். போனேன். அடை வார்த்துக் கொடுத்தாள், வெண்ணெயும் வைத்தாள். வெண்ணெய் வைத்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"காலிலே ஏதோ பட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

"படலைன்னா?"

"தண்ணி படாதா? அதைச் சொல்லு. என்ன பட்டதுன்னு அவா முடிவு பண்ணிப்பா."

அத்திம்பேர் முற்றத்தில் ஒன்றும் கேட்காதவர் போல உலாத்திக்கொண்டிருந்தார். நான் புறப்பட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். என் வீடு நாலு வீடு தள்ளி. அந்தத் தூரத்தை முடிந்த அளவு மெதுவாக நடந்தார்.

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடு, அம்பி."

"இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன்."

"சொல்லு. ஆனா ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிடாதே."

"எப்படிச் சொல்றது அதை?"

"இருந்தது, போயிடுத்துன்னு சொல்லேன். இருந்த அடையாளம் தெரியறதுன்னு சொல்லு."

"ஆத்துத் தண்ணியிலே அடையாளமா?"

"கணக்கெழுதறவனுக்கு நான் சொல்லித் தரணுமா?" என்றார். பிறகு என் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "காலம்பற எழுந்துக்கறதுக்கு எனக்கு அந்த ஒரு காரியம்தான்டா பாக்கி. அதையும் பூட்டிட்டா நான் பேப்பர் வரவரைக்கும் விட்டத்தைப் பார்த்துண்டு கிடக்கணும்."

நல்லபடியாகத் தூங்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ஆற்றுக்குப் போனேன். ஹீட்டர் இல்லை, மாத்திரை இல்லை, காபி இல்லை. வெளிச்சம் வந்திருந்தது. பல வருஷமாக அந்தக் கடவுப் பக்கமே திரும்பாதவர்கள் எல்லோரும் படியில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். புரொபசர் மாமா குடையோடு மேல்படியில் நின்றார். செக்ரட்டரி கிணற்றுக் கயிறு கொண்டுவந்து என் இடுப்பில் கட்டி, மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டார். மீன் இழுத்தால் திருப்பி இழுக்க வேண்டுமாம். அக்கா துண்டோடு ஒரு பக்கம், அத்திம்பேர் ஒரு பக்கம். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீருக்குள் முதல் படியில் கால் வைத்தேன், ஜில்லென்றது. இரண்டாவது படி. மூன்றாவது படியில் கால் வைத்தேன் என்று சொல்ல முடியாது. வைத்த கால் அங்கே நிற்கவில்லை. வானம், குடை, ஆறு எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, தலைவரை தண்ணீருக்குள் போய்விட்டேன். மேலே ஒரே கூச்சல். செக்ரட்டரி கயிற்றை இழுத்தார். நான் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் இழுத்தார். எந்த மீனும் எனக்கு அவ்வளவு சேதம் செய்திருக்க முடியாது. முதுகு உரிந்தது முழுக்கச் சங்கத்தின் வேலை.

"எங்கே கடிச்சுது?" "வால் தெரிஞ்சுதா?" "ரெண்டா ஒண்ணா?"

அத்திம்பேர் மட்டும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, தண்ணீருக்குள் வலது ஓரமாக நின்று கையை நீட்டினார். "மூணாவது படியிலே இடது பக்கம் ஆகாதுடா. பாசி. இந்தப் பக்கம் கால் வை," என்றார்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். கூச்சல் அப்போதுதான் அடங்கியிருந்ததால் மேல்படி வரை கேட்டது.

அக்காவுக்கும் கேட்டது. "எத்தனை நாளாத் தெரியும் இது?" என்றாள்.

அவர் என் கையை விடாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "மே மாசத்துலேர்ந்து," என்றார்.

அக்கா துண்டைப் படியில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். அத்திம்பேர் அவள் முதுகைப் பார்த்தார். குளியல் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். செக்ரட்டரி கயிற்றைச் சுருட்டியபடி, என்னதான் பார்த்தாய் என்று அதிகாரபூர்வமாகக் கேட்டார். "மீன் இல்லை. மூணாவது படியிலே பாசி இருக்கு," என்றேன். கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. சபைக்கு ஏமாற்றம். பாசிக்காகவா விடியற்காலையில் எழுந்து வந்தோம் என்பது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா திரும்பி வந்தாள். கையில் பழைய துடைப்பம் ஒன்றும் ஒரு பிடி தேங்காய் நாரும். இரண்டையும் தண்ணீர் ஓரத்தில் வைத்தாள்.

"தேயுங்கோ," என்றாள் அத்திம்பேரிடம். "நாளையிலேர்ந்து நானும் வரேன். நீங்க குளிச்சு ஏறறவரைக்கும் இந்தப் படியிலேயே உக்காந்திருப்பேன்."

"தினமுமா?"

"தினமும்."

"அதுக்கு அந்தக் கேட்டே தேவலை," என்று என் காதுக்குள் முனகினார். ஆனால் நாரை எடுத்துக்கொண்டார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். புரொபசர் மாமா குடையை மடக்கி மேல்படியில் சாவகாசமாக உட்கார்ந்து, அந்தக் காலத்தில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு யானையையே வழுக்கிவிட்ட பாசியைப் பற்றி ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் குனிந்து மூன்றாவது படியின் இடது பக்கத்தைத் தேய்த்தோம்.